சர்க்கார் மோட்டாரைக் குளிப்பாட்டினேன்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. கூடுதலான மூன்றும் என் நாத்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஒன்பதையும் நானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஒன்றுக்கும் காதில் தண்ணீர் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வாரம் சொல்லப் போவது நான் குளிப்பாட்டிய பத்தாவது உருப்படியைப் பற்றி. அதற்கு மட்டும் தண்ணீர் போய்விட்டது.

அன்று ஆயுத பூஜை. எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம். எது என்று கேட்டால், எங்கள் எருமை இரண்டாவது கன்று போட்ட வருஷம் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் ஆற்றோரத்துப் பம்பு ஹவுஸ் கதவைத் திறந்தேன். கிரீஸும் வௌவால் எச்சமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. சிமென்ட் மேடைமேல் பச்சைப் பெயின்ட் அடித்த சர்க்கார் மோட்டார், கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோலக் கிடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கின்மேல் தூசு. தூசின்மேல் பல்லி எச்சம். பார்க்கவே பாவமாக இருந்தது.

இடுப்பில் குடம், கையில் அரப்புத் தூள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். முதல் குடத்தைத் தலையில் ஊற்றியதும், விலாவில் இருந்த சந்துகள் வழியாகத் தண்ணீர் ‘கொளக் கொளக்’ என்று உள்ளே இறங்கியது. தாகமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு குடம். பின்பக்கத்து அழுக்குப் போகவில்லை என்று இன்னும் ஒன்று. துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை சாத்தினேன். பொரிகடலை படைத்துச் சூடம் காட்டினேன். அந்த மோட்டார் அன்றைக்கு இருந்த அழகு என் பிள்ளைகளில் ஒன்றுக்கும் வாய்க்கவில்லை.

போன வாரம் என் கல்யாணத்தில் மாட்டு வண்டி குடை சாய்ந்த கதையை எழுதியதற்கு, வட்டவடையிலிருந்து பூண்டு விவசாயி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ‘அம்மா, நீங்கள் தப்பே செய்யாதவர்போல எழுதுகிறீர்கள். வண்டி, மாடு, மாப்பிள்ளை எல்லாம் தப்புச் செய்கிறார்கள், நீங்கள் மட்டும் செய்வதில்லை’ என்று. நியாயமான பேச்சு. இந்த வாரம் அவருக்காக.

கழுவாத ஆயுதத்துக்குப் பொட்டு இல்லை

படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டு முறை அது. ஆயுத பூஜை என்றால் முதல் நாளே ஏர், நுகம், மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், அரிவாள்மனை எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். புளி போட்டுத் தேய்க்க வேண்டியதற்குப் புளி, அரப்புப் போட வேண்டியதற்கு அரப்பு. என் மாமியார் காலத்தில் மாட்டு வண்டியையே வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள்.

சோறு போடுகிற பொருளை ஒரு வருஷத்து அழுக்கோடு வைத்து, அந்த அழுக்கின்மேலேயே பொட்டு வைத்தால், அது பொட்டு அழுக்குக்குத்தானே தவிர ஆயுதத்துக்கு அல்ல. என் மாமியார் சொல்லிச் சொல்லி எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

பம்பு ஆபரேட்டர் மாதவன் எச்சரிக்காமல் இல்லை. அவன் ஆற்றுக்கு அக்கரை, கொல்லங்கோட்டுப் பக்கத்து மலையாளத்தான். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் மத்தியானக் கஞ்சி குடித்ததில் அவன் நாக்கில் எங்கள் தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது. பூஜைக்குத் தன் வீட்டுக்குப் புறப்பட்டவன், வழக்கம்போலப் பம்பு ஹவுஸ் சாவியை எங்கள் மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டினான்.

“அக்கா, பூ மட்டும் வெச்சாப் போதும் கேட்டோ. தண்ணி காட்டண்டா.”

“ஏப்பா, நாள் பூராத் தண்ணியிலயே பொழைக்கற சாமான். அதுக்குத் தண்ணி ஆகாதா?”

“அது வேற தண்ணி அக்கா.”

“தண்ணியில என்ன வேற? அது குடிக்கறதும் ஆத்துத் தண்ணி, நான் ஊத்தறதும் ஆத்துத் தண்ணி. போ, போய்ப் பாயசம் குடிச்சுட்டு வா.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினான்.

ஆக, எனக்குச் சொல்லப்பட்டது. எனக்குக் காதும் நன்றாகக் கேட்டது. பின்னால் வேண்டியிருக்கும் என்பதால் இரண்டையும் இங்கேயே எழுதச் சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள்வயிற்றுப் பேத்தி. நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. என் பெயரை மட்டும் நன்றாக எழுதுவேன்.

தபாலில் வரும் மழை

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர், பேச்சு தமிழ், சர்க்கார் கேரள சர்க்கார். மேற்கே பாலக்காட்டில் குடை பிடித்து நடக்கிற நாளில் நாங்கள் கடலைக்காய் காயப் போட்டிருப்போம். வளர்த்த பிள்ளைகளில் மூத்தவளைச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருந்த வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். ‘அத்தை, அஞ்சு நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை’ என்று கடிதம் போடுவாள். நான் வெடித்துக் கிடக்கிற வரப்பில் நின்று அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். மழை எங்களுக்குத் தபாலில் வருகிற பொருள்.

மோட்டாருக்கு முன்னால் கவலை ஏற்றம்தான். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி இழுத்தால், கிணற்றிலிருந்து தோல்பை நிறைந்து மேலே வரும். பிறகு அந்த எருதுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். முன்னால் நடந்து பின்னால் நடந்து, நாள் முடியும்போது எருதும் ஓட்டுகிறவரும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார்கள். வயல் மட்டும் நனைந்திருக்கும்.

அப்போதுதான் ஆற்றிலிருந்து தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட சர்க்கார் முன்வந்தது. பம்பு ஹவுஸுக்கு இடம் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆற்றோரத்தில் இரண்டு சென்ட் நிலத்தைச் சும்மாவே எழுதிக்கொடுத்தார். இருபத்தைந்து குதிரை சக்தி மோட்டார், வார்ப்புக் கூரை, பெரிய பூட்டு. திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டிகளாக வந்து இறங்கினார்கள். ஒருவர் ஸ்விட்சைப் போட்டார். குழாய் முதலில் இருமியது, பிறகு உறுமியது, பிறகு சேற்றுத் தண்ணீரோடு உயிருள்ள கெண்டை மீன் ஒன்றைத் துப்பியது. ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டல் மீனுக்கு என்று வந்தவர்களுக்குத் தெரியாது.

நிலம் எங்களுடையது, கட்டடம் சர்க்காருடையது, மோட்டார் யாருடையது என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஓடுகிறவரைக்கும் அது எல்லோருடையது. நின்ற பிறகுதான் அது சர்க்காருடையது என்று ஊருக்குத் தெரியவந்தது.

குங்குமம் கலந்த சொட்டு

பூஜைக்கு மறுநாள் மாதவன் வந்தான். மேலே எல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. மாலையையும் பொட்டையும் பார்த்துச் சிரித்தான். “கல்யாணப் பெண்ணு மாதிரி இருக்கே!” என்றபடி ஸ்விட்சைப் போட்டான்.

ஈனப் போகிற எருமைபோல ஒரு முக்கல். ‘டப்’ என்று ஒரு வெடி. நீலப் புகை. தலைமுடி கருகுகிற நாற்றத்தோடு என் சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது.

மாதவன் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். மோட்டாரின் வயிற்றுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்து நின்றது. குங்குமம் கலந்து சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்தான். வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தச் சொட்டுகளைத் துடைத்தான்.

வயலில் நாற்று நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம் மழை தபாலில்கூட வரவில்லை, சக்குபள்ளத்துக்காரியே வெயில் என்று எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் ஜீப்பில் இஞ்சினியர் வந்தார். மோட்டாரைத் திறந்து பார்த்தார், கருகிய கம்பிச் சுருளை டார்ச் அடித்துப் பார்த்தார், மாதவனிடம் விசாரணை முடிகிறவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

மாதவன் தாற்காலிக ஆள். அந்த வருஷம் வேலையை நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு பிள்ளைகள், கண் தெரியாத தாய். ஊர் அதற்குள் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பூஜைக்குப் போன இடத்தில் கள்ளைக் குடித்துவிட்டு வந்து ஸ்விட்சைத் தப்பாகப் போட்டுவிட்டானாம். எங்கள் வீட்டு நீர்மோரையே புளிக்கிறது என்று ஒதுக்கிவைக்கிற ஆள் அவன்.

கஞ்சி கொண்டுபோகிற எங்கள் தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க மாதவன் வந்தான். கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

“ஏப்பா, நாந்தான் கழுவுனேன்னு இஞ்சினீரு கிட்டச் சொல்ல வேண்டீதுதானே?”

“இந்த வாயில ரண்டு கொல்லம் உங்க ஊட்டுக் கஞ்சி குடிச்சிருக்கு அக்கா. அதே வாயில பறையான் வய்யா.” வருஷம் அவனுக்கு எப்போதும் கொல்லம்தான். சொல்ல முடியாது என்பதையும் அவன் தன் மொழியில்தான் சொன்னான்.

“அப்ப உன்ற புள்ளைங்க?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

நானாவது உடனே போய்ச் சொன்னேனா? இல்லை. எட்டு நாள் சொல்லவில்லை. “அம்முச்சி, அதை எழுத வேண்டாமே” என்றாள் பேத்தி. எழுதடி என்றேன். தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பெண்கள் மாதவனின் கள்ளைப் பற்றிப் பேசினார்கள். நான் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்தேன். அதே குடம்.

ஒவ்வொருவர் வரவில்லை

ஒன்பதாம் நாள் மத்தியானம் ரைஸ் மில் களத்தில் பொதுக்கூட்டம். பஞ்சாயத்து மெம்பர் சாமிநாதன் ஏற்பாடு. அவர் என் கொழுந்தனார், வீட்டுக்காரருக்கு அடுத்தவர்.

புறப்படும்போது எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வீட்டில் ஐந்து குடத்துக்கு அரப்புக் குறைந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“சொல்லப் போறயா புள்ள?”

“சொல்லாம?”

“சோத்த வடிச்சு வெச்சுட்டுப் போ. திரும்பி வர நேரமாகும்.”

களத்தில் ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்கு உமிக் குவியலின் ஓரம். ஒரு மைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். எந்திரமே கூடாது என்ற குப்பண்ணன்தான் முதலில் அதைப் பிடித்தார். அவர் எங்கள் ஊரில் கடைசிவரை கவலை ஓட்டியவர்.

“எருது எப்பவாச்சும் பொகைஞ்சிருக்குதாடா? இருபத்தஞ்சு குதிரைன்னானுங்க. ஒரு குதிரையாவது எவங் கண்ணுலயாவது பட்டுதா? எருது சாணியாவது போடும். உங்க மோட்டாரு என்றா போடும்?”

“உங்க எருது போன வருசம் பாதிக் கவலையில படுத்துக்கிச்சுங்களே மாமா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“படுத்துச்சு. வைக்கோலக் காட்டுனேன், எந்திரிச்சுது. இத எதைக் காட்டி எழுப்புவ? உன்ற மூஞ்சியையா?”

அடுத்தவர் கேசவன் மாஸ்டர், எதிர்க்கட்சி. அவர் வேட்டியை மடித்துக் கட்டினாலே பேச்சு நீளப்போகிறது என்று அர்த்தம்.

“மெஷினுக்குச் செலவு பண்றாங்க. திறப்பு விழாப் பந்தலுக்குச் செலவு பண்றாங்க. அதைப் பத்திரமா வெச்சுக்கறது எப்படின்னு ஜனங்களுக்குச் சொல்லித்தர ஒரு ஆளை அனுப்பினாங்களா? இது யாரோட பணம்? நம்ம பணம்!”

சாமிநாதன் மைக்கை வாங்கிக்கொண்டார். “ரோடு கேட்டோம், சர்க்கார் குடுத்துது. கறண்டு கேட்டோம், குடுத்துது. தண்ணி கேட்டோம், குடுத்துது. இன்னி வந்து வாய்க்கால்லயும் சர்க்காரே எறங்கி மடை திருப்போணுமுங்களா? நமக்குன்னு ஒரு பொறுப்பு வேண்டாமுங்களா?”

இருவரும் அடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், ஒரு தீர்மானத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். ‘பொதுச் சொத்தைக் காப்பது ஒவ்வொருவரின் பொறுப்பு.’ பலத்த கைதட்டல். தட்டிய ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். நானும் தட்டினேன். இவ்வளவு பொறுப்பையும் தலையில் சுமக்க வேண்டிய ‘ஒவ்வொருவர்’ என்ற அந்த ஆள் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை.

இன்னொன்றிலும் அவர்களுக்குள் சண்டை இல்லை. ஆபரேட்டரை மாற்ற வேண்டும். கட்சி எதுவானால் என்ன, ஒரு தாற்காலிக ஆளை நீக்குவதற்கு எல்லாக் கட்சிக்கும் மனசு உண்டு. மாதவன் மில்லின் தராசுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான். துடைத்தானே, அதே துண்டு தோளில். குங்குமக் கறை துவைத்தும் போகவில்லை.

நான் உமிக் குவியலை விட்டு இறங்கினேன்.

“மோட்டார நாந்தானுங்க கழுவுனேன்.”

மைக் இல்லாமலே என் குரல் களம் முழுக்கக் கேட்கும். கேட்டது.

“அக்கா, நீங்க உக்காருங்க” என்றார் மாஸ்டர்.

“உக்கார மாட்டேனுங்க. ஆயுத பூசைக்கு அரப்புப் போட்டுக் குளிப்பாட்டுனேன். அவன் வேண்டாம்னு சொன்னான். நாந்தான் கேக்கல. தப்பு என்ற மேல.”

மாஸ்டர் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா ஜனங்களே! ஒரு ஏழைத் தொழிலாளியைக் காப்பாத்தறதுக்காகச் செய்யாத தப்பைத் தன் தலையில ஏத்துக்கற தாய் மனசு! சர்க்காருக்கு இந்த மனசு உண்டா?”

கைதட்டல். சாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார். “ஆருன்னு நெனச்சீங்க? அவிய என்ற அண்ணியாக்கும்!” இன்னும் பெரிய கைதட்டல்.

“அடப்பாவிகளா, நெசமாத்தான் சொல்றேன்!” என்றேன். பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது பிள்ளைகள் சொன்ன எத்தனையோ பொய்யை உண்மை என்று நம்பியிருக்கிறேன். நான் சொன்ன ஒரு உண்மையை நம்ப அந்தக் களத்தில் ஆள் இல்லை.

எத்தனை குடம்?

ஒருவர் நம்பினார். கடைசி நாற்காலியில் இருந்த இஞ்சினியர். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர், தெற்கத்தி மலையாளத்தான். என்னை மில்லுக்குள் கூப்பிட்டார். சாமிநாதனும் கூடவே வந்தார். இஞ்சினியர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓரம் கருகிய ஒரு செண்டுமல்லி இதழ்.

“கம்பிச் சுருளுக்குள்ளே இருந்தது” என்றார். “எத்தனை குடம் அம்மா?”

“நாலு.”

அவர் என்னையே பார்த்தார்.

“அப்பறம் பொறத்தால அழுக்குப் போகலைன்னு இன்னொண்ணு.”

தலையில் கைவைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பு.

“சாவி யார் தந்தது?”

“ஆணியில இருந்துது. நானா எடுத்தேன். எழுதிக்குங்க.”

சாவி அங்கே தொங்கக் கூடாது என்பது சட்டமாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். வெளியே நின்ற மாதவனைப் பார்த்தார். வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்தார். சாமிநாதனைப் பார்த்தார். இதழை மறுபடி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மகஸர் எழுத உட்கார்ந்தார். சம்பவத்தை எழுதி, சாட்சி சொன்னவர் கையெழுத்து வாங்குகிற காகிதத்துக்கு அந்தப் பெயர். மலையாளத்தில் இரண்டு பக்கம் ஓடியது.

“சாமிநாதா, நான் சொன்னதத்தான் எழுதியிருக்காரா?”

“அதேதானுங்க அண்ணி.”

“படிச்சுக் காட்டு.”

“ஜீப்பு போகோணுமுங்க அண்ணி. நேரமாச்சு. அதேதானுங்க.”

மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டேன். கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை நான். ‘மாராத்தாள்’ என்று ஐந்தெழுத்தையும் முழுசாக, பெரிசாக எழுதினேன். இஞ்சினியர் எழுந்து நின்று இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டார். உண்மைக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்.

நல்ல கூரை இடிந்தது

ஒரு வாரத்தில் மாதவனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாவு மில், ரேஷன் கடை, கோயில், எங்கே போனாலும் சொன்னேன். “நான் சொன்னேன். எழுதி வாங்கிட்டாங்க. ஆள வேலைக்கு எடுத்துட்டாங்க.” கேட்டவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள்.

மோட்டார் மட்டும் வரவில்லை. பரணில் கிடந்த கவலைத் தோல்பையை இறக்கினால், பாதியை எலி தின்றிருந்தது. மீதியைத் தைத்து எங்கள் கிணற்றில் மாட்டினோம். முதல் தண்ணீரை எங்கள் வயலுக்கு விடாமல் பக்கத்துக் குப்பண்ணன் வயலுக்குத் திருப்பினேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். “போ புள்ள, நீ நல்லவ” என்றார். அவரையும் நம்ப வைக்க முடியவில்லை. எங்கள் நெல்லில் பாதி வைக்கோலாகப் போனது. அதை எருமை சந்தோஷமாகத் தின்றது.

புது மோட்டார் அடுத்த ஆடியில் வந்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை, தண்ணீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மோட்டாரோடு நாலு கொத்தனார்களும் வந்து, கல்போல இருந்த வார்ப்புக் கூரையை இடித்துவிட்டுப் புதுக் கூரை போட்டார்கள். நல்ல கூரையை எதற்கு இடிக்கிறார்கள் என்று கேட்டேன். சர்க்கார் உத்தரவு என்றார்கள். அதற்கு அப்புறம்தான் கூரை ஒழுக ஆரம்பித்தது.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு மாதவன் வீட்டுக்குப் போகவில்லை. பம்பு ஹவுஸ் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் பூவோடு வந்தேன். வாய்க்காலில் அரிவாள் கழுவக் கொண்டுவந்த குடமும் இடுப்பில் இருந்தது. குடத்தைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்துக்கொண்டான்.

“அக்கா, இந்தக் கொல்லமும் மழை பெய்யுமோ?”

“என்ன மழை?”

“போன கொல்லம் பெஞ்ச மழை. மகஸர்ல எழுதின மழை.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல நின்றது. எனக்குத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு சொன்னான். கனத்த மழையில் கூரை ஒழுகி மோட்டார் நனைந்து கெட்டுப்போனது, யார் மீதும் குற்றமில்லை, கூரையை மாற்ற வேண்டும், புது மோட்டார் வேண்டும். இடம் கொடுத்த வீட்டுக்காரி நேரில் பார்த்த சாட்சி. கீழே என் கையெழுத்து.

“மழையா? அந்த வருசமா? நாத்துப் பூராக் கருகிப் போன வருசமா?”

“அந்தக் கொல்லம் இந்த ஊருல பெஞ்ச ஒரே மழை நீங்களாக்கும் அக்கா” என்றான்.

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நேராகச் சாமிநாதன் வீட்டுக்குப் போனேன். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“அண்ணி, உண்மைய எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊர்க்காரங்களே கெடுத்துப் போட்டாங்கன்னு புது மோட்டார் வந்திருக்காது. சாவிய ஆணியில மாட்டுனதுக்கு மாதவன் வேலை போயிருக்கும். மழைய ஆரும் சஸ்பெண்டு பண்ண முடியாதுங்களே?”

“அப்ப நான் சொன்னது?”

“சொன்னீங்க. ஊரே கேட்டுது. ஆரு நம்புனாங்க?” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ஐந்தெழுத்து

மாதவனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. பென்ஷன் வாங்கும்வரை அந்த மோட்டாரோடு இருந்தான். அவன் வீட்டுப் பலாப்பழம் வருஷம் தவறாமல் எனக்கு வந்தது, அவன் போன பிறகு அவன் மகள் கொண்டுவருகிறாள். சுளையை வாயில் போடும்போது அந்த மழை பெய்தது நல்லதுதான் என்று தோன்றும். கொட்டையைத் துப்பும்போது இல்லை என்று தோன்றும்.

இப்போதும் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். எந்திரம் மனுஷனைக் கெடுத்துவிட்டது என்கிறார் ஒருவர். சர்க்கார் பணம் வீணாகிறது என்கிறார் இன்னொருவர். கடைசியில் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு வேண்டும் என்று முடிக்கிறார்கள். குடத்தைத் தூக்கியவள் எங்கேயாவது எழுந்து நிற்கிறாளா என்று நான் பார்க்கிறேன். நின்றாலும் கைதட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.

கைநாட்டு வைத்திருந்தால் மறந்திருப்பேன். கட்டைவிரலுக்கு என்ன தெரியும்? ஆனால் நான் எழுதிய ஐந்தெழுத்து, ஏதோ ஒரு சர்க்கார் அலமாரியில், பெய்யாத மழைக்கு இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு எதிர்சாட்சியாகத்தான் இதைச் சொல்லி எழுதவைத்தேன்.

எழுதி முடித்ததும் பேத்தி காகிதத்தை நீட்டினாள். கடைசியில் என் கையெழுத்து வேண்டுமாம், பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே போடுவார்களாம்.

“மொதல்ல படிச்சுக் காட்டு கண்ணு.”

“நீங்க சொன்னதத்தான் அம்முச்சி எழுதியிருக்கேன். அதேதான்.”

“இதையேதான் உன்ற சின்னத் தாத்தனும் சொன்னாரு. படி.”

“முழுசுமா?”

“குடம் வர்ற எடத்துல இருந்து படி. ஊத்துனது ஆருன்னு நான் கேக்கோணும்.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறாள். பேனா என் கையில்தான் இருக்கிறது. மூடியை இன்னும் கழற்றவில்லை.